தெள்ளுப்பூச்சியும் நம் வீட்டுக் குழந்தையும்

சங்க மலருக்குக் கல்வெட்டு, ஏட்டுச் சுவடி, சமண இலக்கியம் என்று எழுதி வந்தவன் நான். இவ்வாண்டு ஒரு பூச்சியைப் பற்றி எழுதுகிறேன் என்றதும் மலர்க் குழுவில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். நான் மருத்துவம் படித்தவன் அல்லன். பருப்பும் பயறும் வாங்கி விற்கிற வியாபாரி. மஸ்ஜித் பந்தரில் தொடங்கி, தானியச் சந்தை வாஷிக்குப் போன பின் அங்கேயும் சேர்த்து, நாற்பது ஆண்டுகளாகக் கிடங்கிலும் சாக்கிலும் புழங்குகிறேன். தானியம் இருக்கும் இடத்தில் எலி இருக்கும், எலி இருக்கும் இடத்தில் தெள்ளு இருக்கும். அந்தத் தெள்ளு குழந்தைகளுக்கு என்ன செய்யும் என்று படித்தும், மருத்துவ நண்பர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டதையே இங்கே தொகுத்துத் தருகிறேன்.

நான் சொல்ல வந்த செய்தி ஒன்றுதான். தெள்ளு மூலம் வரும் பாக்டீரியாக் காய்ச்சல்களுக்குக் கைகண்ட மருந்து இருக்கிறது. விலையும் அதிகம் இல்லை. ஆனாலும் சில குழந்தைகளுக்கு மூளை, நுரையீரல், ஈரல் வரை நோய் போய்விடுகிறது. பெரும்பாலும் அதற்குக் காரணம், முதல் வாரத்தில் இப்படி ஒரு நோய் இருக்கலாம் என்ற எண்ணமே யாருக்கும் வராமல் போவதுதான். அந்த எண்ணத்தை நம் குடும்பங்களில் விதைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தெள்ளு எது, உண்ணி எது

நம்மில் பலர் தெள்ளு, உண்ணி, பேன், மூட்டைப்பூச்சி எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். உண்ணிக்கு எட்டுக் கால். தோலைக் கவ்விக்கொண்டு நகராமல் இருக்கும். பேன் தலையிலும் துணியிலும் ஊரும். மூட்டைப்பூச்சி கட்டில் இடுக்கில் வாழும். தெள்ளுக்கு ஆறு கால், இறக்கை கிடையாது, உடம்பு இரு பக்கமும் தட்டையாக அமுக்கி வைத்தது போல இருக்கும். அதனால் மயிருக்குள் சறுக்கிக்கொண்டு ஓடும். பின்னங்கால்களை உந்தி ஒரு சாண் உயரம் தாவும். பிடித்து நசுக்கினாலும் எளிதில் நசுங்காது.

அதன் வாழ்க்கையில் நான்கு நிலைகள்: முட்டை, புழு, கூட்டுப்புழு, பூச்சி. முட்டை விலங்கின் மேலிருந்து உதிர்ந்து தரையில் விழும். புழு இருட்டான மூலையில், தூசியிலும் கோணிச் சாக்கின் மடிப்பிலும் இருந்து, பெரிய தெள்ளு கழித்த உலர்ந்த இரத்தத் துணுக்குகளைத் தின்று வளரும். கூட்டுப்புழு மாதக்கணக்கில்கூட அசையாமல் காத்திருக்கும். பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து உள்ளே நடந்தால், அந்த அதிர்விலும் சூட்டிலும் பொரிந்து காலில் ஏறும். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பி வந்த அன்று "வீடெல்லாம் ஏதோ கடிக்குது" என்று நம் பெண்கள் சொல்வதன் உட்பொருள் இதுதான்.

இரண்டு வகைத் தெள்ளு நமக்கு முக்கியம். ஒன்று கீழ்த்திசை எலித்தெள்ளு. 1903-இல் இதற்கு விஞ்ஞானப் பெயர் இட்டவர் சார்லஸ் ராத்ஸ்சைல்டு என்னும் ஆங்கிலேயர். சூடானில் கிடைத்த இதற்கு, எகிப்தில் பிரமிடு கட்டிய சியாப்ஸ் மன்னன் பெயரைச் சேர்த்தார். மற்றொன்று பூனைத்தெள்ளு, பெயர்தான் பூனை, நாயின் மேலும் அதுவே மிகுதி.

மும்பை உலகுக்குச் சொன்ன பாடம்

தெள்ளு நோய் பரப்பும் என்ற அறிவு பிறந்ததில் நம் நாட்டுக்கு, குறிப்பாக நாம் பிழைக்க வந்த இந்த மும்பைக்கு, பெரும் பங்கு உண்டு. 1896 செப்டம்பரில் துறைமுகத்தை ஒட்டிய மாண்ட்வி பகுதியில், தானியக் கிடங்குகளுக்கு நடுவே, பிளேக் இருப்பதைக் கண்டு சொன்னவர் டாக்டர் அகாசியோ வியேகாஸ். மக்கள் கூட்டங்கூட்டமாக ஊரை விட்டு ஓடினார்கள். ஓடிய இடமெல்லாம் நோயும் போனது. அடுத்த சில பத்தாண்டுகளில் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. கோயம்புத்தூர்ப் பக்கத்தில் இன்றும் பிளேக் மாரியம்மன் என்ற பெயரில் கோயில் இருக்கிறது என்றால், அந்தப் பயம் எவ்வளவு ஆழமாகப் பதிந்தது என்று பாருங்கள்.

அப்போது யாருக்கும் நோய் எப்படிப் பரவுகிறது என்று தெரியவில்லை. காற்று, மண், அழுக்கு என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். பிரெஞ்சு மருத்துவர் பால் லூயி சீமோன் என்பவர் 1898-இல் கராச்சியில் ஒரு சோதனை செய்தார். நோயுள்ள எலியையும் நலமான எலியையும் ஒன்றையொன்று தொட முடியாதபடி ஒரே கண்ணாடிச் சாடியில் வைத்தார். தெள்ளு மட்டும் இங்கிருந்து அங்கே தாவ முடியும். நலமான எலி சில நாளில் பிளேக் கண்டு இறந்தது. அவர் முடிவை அன்றைய பெரியவர்கள் ஏற்கவில்லை. 1905-க்குப் பிறகு பரேலில் வேலை செய்த பிளேக் ஆராய்ச்சிக் குழு அதைச் சந்தேகத்துக்கு இடமின்றி உறுதி செய்தது. அந்தக் குழு பிளேக் கண்ட வீடுகளில் கினிப் பன்றிகளைக் கூண்டில் வைத்துப் பார்த்தது. தரையை ஒட்டி வைத்தவை நோய் கண்டன. தெள்ளு தாவ முடியாதபடி இரண்டடி உயரத்தில் தொங்கவிட்டவை தப்பின.

இந்தச் சோதனையைப் படித்தபோது எனக்கு நம் வீட்டுக் குழந்தைகள்தான் நினைவுக்கு வந்தார்கள். பெரியவர்கள் நாம் நாற்காலியிலும் கட்டிலிலும் இருக்கிறோம். தவழும் குழந்தை, பாயில் தூங்கும் குழந்தை, பூனைக்குட்டியைக் கட்டிப் பிடிக்கும் குழந்தை ஆகிய எல்லாரும் தெள்ளு தாவும் உயரத்துக்குள்ளேயே வாழ்கிறார்கள்.

மறைந்து நிற்கும் காய்ச்சல்

பிளேக் பெயர் பெற்ற நோய். பெயர் பெறாத ஒன்று இருக்கிறது: எலித்தெள்ளுக் காய்ச்சல். மருத்துவர்கள் மியூரைன் டைஃபஸ் என்பார்கள். பெயரைக் கேட்டு டைஃபாய்டு என்று எண்ணிவிட வேண்டாம். டைஃபஸ் என்பது புகை, மயக்கம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. காய்ச்சல் கண்டவர் புகை மூடியது போல மதி மயங்கிக் கிடப்பதால் அந்தப் பெயர். டைஃபாய்டு என்றால் 'டைஃபஸ் போன்றது' என்றுதான் பொருள். டைஃபாய்டு அசுத்தமான நீரிலும் உணவிலும் வருவது. டைஃபஸ் பூச்சியால் வருவது. கிருமி வேறு, மருந்தும் வேறு. பெயர் ஒற்றுமையால் இன்றும் குழப்பம் நடக்கிறது.

எலித்தெள்ளுக் காய்ச்சலின் கிருமி ரிக்கெட்சியா டைஃபி. இந்தக் கிருமி இனத்துக்குப் பெயர் தந்த ஹோவர்டு ரிக்கெட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1910-இல் மெக்சிகோவில் டைஃபஸை ஆராயப் போய், அதே நோய் கண்டு இறந்தவர். கிருமி தெள்ளின் குடலில் பெருகும்; தெள்ளுக்கு ஒரு கேடும் இல்லை. எலிக்கும் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. தெள்ளு கடிக்கும்போதே கழிவை அங்கே விடும். நமைச்சலில் நாம் சொறிந்தால், அந்தக் கழிவிலுள்ள கிருமி தோலின் கீறல் வழியே உள்ளே போகும். காய்ந்த கழிவு தூசியாகப் பறந்து கண்ணிலும் மூச்சிலும் போவதும் உண்டு. கடித்த தடம் தெரியாமலே நோய் வரலாம் என்பதை இதனால் அறிய வேண்டும்.

கிருமி புகுந்து ஒன்று அல்லது இரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல். தலைவலி, உடம்பு வலி, மார்பிலும் வயிற்றிலும் மெல்லிய சிவந்த புள்ளிகள் வரலாம். குழந்தைகளுக்கு வாந்தி, வயிற்றுவலி, பேதி என்று முன்னால் வரும். "எதையோ தின்னுட்டான்" என்று நாம் முடிவு கட்டிவிடுவோம். காய்ச்சல், தலைவலி, தடிப்பு மூன்றும் ஒருசேர எல்லாருக்கும் வருவதில்லை. இரண்டு வயதுப் பிள்ளைக்குத் தலைவலி என்று சொல்லவும் தெரியாது. சிணுங்கும், வெளிச்சத்தைக் கண்டு முகத்தைத் திருப்பும், தூக்கினால் அழும்.

இதன் உறவுக்காரக் காய்ச்சல் ஒன்று நம் தமிழ்நாட்டிலும் இமயத்து அடிவாரத்திலும் மிகுதி: ஸ்கரப் டைஃபஸ். அது தெள்ளால் வருவதன்று. புதர்களில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணியின் குஞ்சு கடித்து வருவது. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கருப்புப் பொருக்கு இருந்தால் அது பெரிய தடயம். அக்குள், தொடை இடுக்கு, காதுக்குப் பின்புறம் எல்லாம் பார்க்க வேண்டும். தெள்ளுக் காய்ச்சலில் பொதுவாக அந்தப் பொருக்கு இருக்காது. இரண்டுக்கும் முதல் மருந்து ஒன்றே என்பது நல்ல செய்தி.

சிக்கல் எப்படி வருகிறது?

உண்மையைச் சொல்லிவிட வேண்டும்: எலித்தெள்ளுக் காய்ச்சல் கண்ட குழந்தைகளில் பெரும்பாலோர் நலமடைகிறார்கள். இறப்பு மிகக் குறைவு. யாரும் பதற வேண்டியதில்லை. ஆனால் தாமதமானால் ஒரு சிலருக்கு நோய் கடுமையாகும். ஏன் என்று தெரிந்துகொள்வோம்.

நம் இரத்தக் குழாய்களின் உட்புறம் மெல்லிய செல்களால் பூசப்பட்டிருக்கிறது. ரிக்கெட்சியாக் கிருமி அந்தச் செல்களுக்குள்ளேயே நுழைந்து குடியிருக்கும். பூச்சு கெட்டால் குழாய் கசியும். நைந்த சாக்கிலிருந்து தானியம் சிந்துவது எந்த வியாபாரிக்கும் தெரியும். முதலில் ஒன்றிரண்டு மணி, பிறகு ஓரமாக ஒரு குவியல். அப்படித்தான் குழாயிலிருந்து நீர் கசிகிறது. கண் இமை, கை, கால் வீங்கும். நுரையீரலில் கசிந்தால் மூச்சு வாங்கும். மூளையில் நேர்ந்தால் வலிப்பு, மயக்கம், கழுத்து விறைப்பு. ஈரல், சிறுநீரகம் தளரும். குழாயில் நீர் குறைந்தால் இரத்த அழுத்தம் இறங்கும். குழந்தையின் உடம்பில் இரத்தமே கொஞ்சம். அதனால் பெரியவர் தாங்கும் கசிவைச் சிறு குழந்தை தாங்காது.

இன்னொரு சிக்கல் அரிதானது, ஆனால் கொடியது. உடம்பைக் காக்கும் வெள்ளணுக்கள் கட்டுக்கு அடங்காமல் கிளர்ந்து, சொந்த இரத்த அணுக்களையே விழுங்கத் தொடங்கிவிடும். காவலுக்கு வைத்த ஆளே கடையைச் சூறையாடுவது போல. காய்ச்சல் இறங்காது, மண்ணீரல் வீங்கும், எல்லா அணுக்களும் சேர்ந்து குறையும். ரிக்கெட்சியா வகைக் கிருமிகளால் குழந்தைகளுக்கு இது வந்ததை மருத்துவ ஏடுகள் பதிவு செய்திருக்கின்றன. காரணமான கிருமிக்கு மருந்து கொடுத்ததும் பலருக்கு அடங்கிவிடுகிறது. கொடுக்காவிட்டால் வேறு எந்தப் பெரிய வைத்தியமும் முழுப் பலன் தராது.

பிளேக்கும் பூனைக் கீறலும்

பிளேக் போய்விட்டதா? 1994-இல் மராட்டியத்தின் பீட் மாவட்டமும் குஜராத்தின் சூரத்தும் நம்மை நடுங்க வைத்தன. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர், சூரத்தை விட்டு இலட்சக்கணக்கானோர் ஓடினர். 2002-இல் இமாசலத்தின் சிம்லா மாவட்டத்திலும், 2004-இல் உத்தரகாசி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலும் மீண்டும் தலைகாட்டியது. மடகாஸ்கர் தீவில் 2017-இல் பெரிதாகப் பரவியது. காட்டு எலிகளிடையே கிருமி உறங்கிக் கிடக்கக்கூடியது. ஆகவே மறந்துவிடக் கூடாது.

பிளேக் கிருமி தெள்ளின் தொண்டையை அடைத்துக்கொள்ளும். பசி அடங்காத தெள்ளு மீண்டும் மீண்டும் கடித்து, உறிஞ்சியதைக் கிருமியோடு திருப்பிக் கக்கும். 1914-இல் பேக்கட், மார்ட்டின் என்ற இருவர் இதைக் கண்டுபிடித்தார்கள். தொடை இடுக்கிலோ அக்குளிலோ கழுத்திலோ தாங்க முடியாத வலியோடு நெறி கட்டும், காய்ச்சல் கொதிக்கும். இரத்தத்தில் பரவினால் மணிக்கணக்கில் நிலை மோசமாகும். பிளேக்கில் மூளை உறைக் காய்ச்சல் என்னும் சிக்கல் பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்கே அதிகம் வருகிறது. மருந்து அரைகுறையாகக் கொடுத்த குழந்தைக்கு, நெறி வாடிவிட்டதே என்று நிம்மதி அடைந்த பிறகு, ஒரு வாரம் கழித்துக்கூட அது வரலாம். ஆகவே டாக்டர் சொன்ன நாள்வரை மருந்து கொடுக்க வேண்டும்; இடையில் நிறுத்தக் கூடாது. மருத்துவம் பெறாவிட்டால் நெறி கட்டும் பிளேக்கில் நூற்றுக்கு முப்பது முதல் அறுபது பேர் இறப்பார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. உடனே தொடங்கினால் பெரும்பாலோர் பிழைப்பார்கள்.

மூன்றாவது, பூனைக் கீறல் நோய். 1950-இல் பாரிஸில் ராபர்ட் டெப்ரே என்ற குழந்தை மருத்துவர் இதை விவரித்தார். கிருமியின் பெயர் பார்ட்டோனெல்லா. தெள்ளின் கழிவு பூனையின் நகத்தில் ஒட்டியிருக்கும். கீறும்போது குழந்தைக்குள் போகும். பூனைக்கு எந்த நோயும் தெரியாது. குட்டிகளிடமே கிருமி அதிகம். கீறிய பக்கத்தில் அக்குளிலோ கழுத்திலோ ஒரு கட்டி, இலேசான காய்ச்சல்; பெரும்பாலும் தானே ஆறிவிடும். சிலருக்கு மட்டும் கண்ணின் விழித்திரை நரம்பு வீங்கிப் பார்வை மங்கும். ஈரலிலும் மண்ணீரலிலும் சிறு புண்கள் தோன்றும். நல்ல உடல்நிலையில் இருந்த பிள்ளைக்குத் திடீரென்று வலிப்பு வரும். "பூனை கீறிச்சு, ஒரு மாசம் ஆச்சு" என்ற ஒரு வாக்கியத்தை அம்மா சொல்லாவிட்டால், டாக்டர் வேறு எங்கெங்கோ தேட வேண்டியிருக்கும்.

ஒரு பேரனின் கதை

எங்கள் உறவில் நடந்தது. 2019 மழைக்காலம். நான்கு வயதுப் பேரன், புறநகரில் தரைத்தள வீடு, பக்கத்துச் சுவருக்கு அந்தப் புறம் மளிகைக் கிடங்கு. காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் ஒரு மருந்து, ஐந்தாம் நாள் விடால் பரிசோதனை, டைஃபாய்டு என்று ஊசி. எட்டாம் நாள் கண் இமை வீங்கி, கூப்பிட்டால் பதில் சொல்லாமல் தூங்கிக்கொண்டே இருந்தான். வேறு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு வயதான பெண் மருத்துவர், தட்டணுவும் உப்பும் குறைந்திருக்கிறது, ஈரல் கணக்கு ஏறியிருக்கிறது, டெங்கு இல்லை என்று பார்த்துவிட்டு, "வீட்டில் எலி உண்டா?" என்று கேட்டார். "தினமும் ஓடுதுங்க டாக்டர்" என்றாள் மருமகள். மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டு, முடிவுக்குக் காத்திராமல் டாக்ஸிசைக்ளின் தொடங்கினார்கள். என் தங்கை குறுக்கே விழுந்தாள்: "ஐயோ, அந்த மருந்து கொடுத்தா பிள்ளை பல்லு மஞ்சளாப் போயிடும்னு சொல்வாங்களே!" மருத்துவர் பொறுமையாக உட்கார்ந்து விளக்கினார். இரண்டாம் நாளே காய்ச்சல் இறங்கியது. இப்போது பையன் பள்ளிக்கூடம் போகிறான்; நிலைத்த பற்கள் வெள்ளையாக முளைத்திருக்கின்றன.

பரிசோதனையும் பல் கறையும்

இக்கதையில் இரண்டு பாடங்கள். முதலாவது, பரிசோதனை. இரத்தத்தில் எதிர்ப்பொருள் தேடும் சோதனைகள் முதல் வாரத்தில் பெரும்பாலும் ஒன்றும் காட்டா. எதிர்ப்பொருள் உண்டாகவே நாளாகும். 1916-இல் பிறந்த வைல்–ஃபெலிக்ஸ் சோதனை மலிவு, ஆனால் பல நோயாளிகளைத் தவறவிடும். இம்யூனோஃப்ளோரசன்ஸ் என்ற சிறந்த சோதனையில்கூட இரண்டு முறை, சில வார இடைவெளியில், இரத்தம் எடுத்து ஒப்பிட்டால்தான் உறுதி. ஆகவே 'ரிப்போர்ட் வரட்டும்' என்று காத்திருந்தால் நேரம் போய்விடும். சந்தேகம் வலுவாக இருந்தால் உடனே மருந்து தொடங்க வேண்டும் என்றே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2015-ஆம் ஆண்டு வழிகாட்டியும் சொல்கிறது.

இரண்டாவது, பல் கறை. டெட்ராசைக்ளின் என்ற பழைய மருந்து சுண்ணாம்புச் சத்தோடு ஒட்டிக்கொண்டு வளரும் பல்லில் கறை உண்டாக்கியது உண்மை. அதனால் எட்டு வயதுக்கு உட்பட்டவர்க்கு அந்தக் குடும்பத்து மருந்தே கூடாது என்று ஒரு தலைமுறை மருத்துவர்கள் கற்றார்கள். டாக்ஸிசைக்ளின் அதே குடும்பம்தான். ஆனால் சுண்ணாம்போடு அவ்வளவாக ஒட்டாது. சிறு வயதில் சில நாள் இதைச் சாப்பிட்ட அமெரிக்கக் குழந்தைகளின் பற்களைப் பின்னாளில் ஆராய்ந்து 2015-இல் வெளியிட்டார்கள், கறை காணப்படவில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் மூன்று வாரம் வரை எந்த வயதிலும் கொடுக்கலாம் என்று 2018-இல் தன் வழிகாட்டி நூலில் எழுதிவிட்டது. டைஃபாய்டுக்குப் போடும் வழக்கமான ஊசி மருந்துகள் பல, செல்லுக்குள் ஒளிந்திருக்கும் ரிக்கெட்சியாவை எட்டா. ஆகவே பல்லைப் பார்த்து உயிரை விடக் கூடாது. அதற்காகக் கடையில் நாமே வாங்கிக் கொடுப்பதும் தவறு. அளவும் நாளும் மருத்துவர் சொல்ல வேண்டியவை.

டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும்?

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு மொழியும் ஒரு தடை. தெள்ளு என்று சொன்னால் இங்கே யாருக்குப் புரியும்? இந்தியில் பிஸ்ஸூ, மராத்தியில் பிசூ, குஜராத்தியில் சாஞ்சட், கன்னடத்தில் சிகட என்று சொல்லுங்கள். மலையாளத்தில் செள்ளு என்பது நம் தெள்ளுக்கு நெருங்கிய சொல். ஸ்கரப் டைஃபஸைக்கூட அவர்கள் செள்ளுப்பனி என்கிறார்கள்.

காய்ச்சல் ஐந்து நாளைத் தாண்டினால் கேட்காமலே இவற்றைச் சொல்லுங்கள்:

1. வீட்டில், பக்கத்தில், பள்ளியில் எலி நடமாட்டம் உண்டா. அண்மையில் எலி செத்துக் கிடந்ததா.
2. பூனை, நாய் வளர்க்கிறீர்களா, குழந்தையைக் கீறியதா.
3. கடந்த மூன்று வாரத்தில் ஊருக்கு, மலைக்கு, வயல்வெளிக்குப் போனீர்களா.
4. இதுவரை கொடுத்த மருந்துகளின் பெயர், தொடங்கிய தேதி.

கீழ்க்கண்டவற்றில் ஒன்று தென்பட்டாலும் ஐந்து நாள் கணக்குப் பார்க்காமல் உடனே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள்: எழுப்பினாலும் எழாத தூக்கம், வலிப்பு, வேகமான மூச்சு, கை கால் சில்லிட்டுப் போதல், சிறுநீர் குறைதல், முகம் கால் வீக்கம், விடாத வாந்தி, தோலில் இரத்தப் புள்ளிகள், தொட முடியாத வலியோடு நெறி.

வீட்டில் செய்ய வேண்டியதும் அகிம்சையும்

என்னிடம் பலர் கேட்பார்கள்: "நயினார், நீங்க சமணர். எலியைக் கொல்லலாமா, பூச்சியைக் கொல்லலாமா?" எங்கள் நூல்கள் கொலையை நான்காகப் பிரிக்கும். வேண்டுமென்றே செய்வது சங்கல்பி. சமையல் முதலான இல்லறக் காரியத்தில் நேர்வது ஆரம்பி. தொழிலில் நேர்வது உத்யோகி. தற்காப்பில் நேர்வது விரோதி. இல்லறத்தான் முதலாவதை அறவே விட வேண்டும். மற்ற மூன்றையும் கவனத்தால் குறைத்துக்கொண்டே வர வேண்டும். குழந்தையின் உயிருக்காக மருந்து கொடுப்பதை எந்த நூலும் தடுக்கவில்லை. ஆனால் கவனம் என்ற சொல்தான் இங்கே முக்கியம்; உயிர்கள் வந்து குடியேறும் இடத்தை நாமே உண்டாக்கிவிட்டு, பிறகு அவற்றைக் கொல்லுவது இரட்டைக் குற்றம்.

விஞ்ஞானமும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. கண்டபடி எலிக்கு விஷம் வைப்பது ஆபத்து. எலி இறந்து உடல் குளிர்ந்ததும் தெள்ளுகள் அதை விட்டு வேறு சூடான உடலைத் தேடும். பக்கத்தில் பாயில் படுத்திருக்கும் குழந்தை கிடைக்கும். அதனால்தான் நோய் பரவும் இடங்களில் முதலில் தெள்ளுக்கு மருந்து தூவி, பிறகே எலியைத் தொட வேண்டும் என்பது விதி. கர்வால், குமாவுன் மலை மக்கள் அந்நாளில் எலி செத்து விழுந்தால் ஊரையே காலி செய்துகொண்டு போவார்களாம். படிக்காதவர்கள் கண்டறிந்த ஞானம் அது.

எலிக்கு வழி அடைப்பதே முதல் வேலை. சுவர் ஓட்டையைச் சிமெண்டாலும் கம்பி வலையாலும் மூடுங்கள். அரிசி, பருப்பை மூடியுள்ள தகர டின்னில் வையுங்கள். மூட்டையைச் சுவரை விட்டுத் தள்ளி, பலகை மேல் அடுக்குங்கள். எங்கள் கிடங்கில் அதுதான் சட்டம். இரவில் எச்சில் பாத்திரமும் குப்பையும் திறந்து கிடக்கக் கூடாது. செத்த எலியை வெறுங்கையால் தொடாமல், உறை போட்டு அப்புறப்படுத்துங்கள். ஒரே இடத்தில் பல எலிகள் செத்துக் கிடந்தால் மாநகராட்சி வார்டு அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள்.

பழைய சாக்கு, பூட்டிய அறை இவற்றைச் சுத்தம் செய்யும்போது உலர்ந்த தூசியைப் பறக்கவிடாமல், தண்ணீர் தெளித்துப் பெருக்குங்கள். வாசல் தெளித்துக் கூட்டிய நம் பாட்டிமார் பழக்கம் இங்கே கைகொடுக்கும். பாய், போர்வையைச் சுடுநீரில் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள். பூனை, நாய் வளர்ப்பவர்கள் கால்நடை மருத்துவரிடம் கேட்டுத் தெள்ளு மருந்து போடுங்கள். நாய்க்கு விற்கும் பெர்மெத்ரின் மருந்தைப் பூனைக்குப் போட்டால் பூனை செத்துவிடக்கூடும், கவனம். பூனை கீறினால் உடனே சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். நாய், பூனை எதுவானாலும் ரேபிஸ் தடுப்பூசி வேண்டுமா என்று அன்றே மருத்துவரைக் கேளுங்கள்.

சொந்த ஊரில் இருந்தால் காய்ச்சல் என்றதும் அத்தையும் பெரியம்மாவும் நான்கு பேர் வந்து பார்த்து, நான்கு கேள்வி கேட்பார்கள். இங்கே கணவனும் மனைவியும் வேலைக்கு ஓடிக்கொண்டு, ஒரு குழந்தையோடு தனியே தவிக்கிற குடும்பங்கள் நம் சங்கத்தில் நிறைய. அடுத்த வீட்டுத் தமிழ்க் குழந்தைக்குக் காய்ச்சல் ஒரு வாரமாக விடவில்லை என்று கேள்விப்பட்டால், போய் நின்று அந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: வீட்டில் எலி உண்டா? பூனை உண்டா? பதிலை டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். எல்லாக் குழந்தைகளும் நோயின்றி நீடு வாழ அறவாழி அந்தணனை வேண்டுகிறேன்.